ஒன்றுக்கு இருபத்தைந்து

கோல்ஃப் என்று பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த வாரம் அந்த விளையாட்டைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை. அதில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்கிறவர்களைப் பற்றித்தான். ஜோசியம், ஷேர் மார்க்கெட், மழை எப்போது வரும் என்பது போன்ற சமாசாரங்களில் உங்களுக்கு ஈடுபாடு இருந்தால் தாராளமாக மேலே படிக்கலாம்.

பிரிட்டனில் பந்தயக் கடைகள் 1961 மே 1 முதல் சட்டப்படி நடக்கின்றன. நம் ஊரில் தெருமுனை மெடிக்கல் ஷாப் மாதிரி அங்கே தெருவுக்கு ஒன்று. பெரிய கோல்ஃப் போட்டிகள் வியாழக்கிழமை ஆரம்பித்து ஞாயிறு சாயங்காலம் முடியும். செவ்வாய், புதன் பேப்பர்களில் 'டிப்ஸ்' வந்துவிடும். ஆட்டக்காரர் பெயர், அவருக்கு என்ன விலை, எத்தனை பாயின்ட் போடலாம், அப்புறம் நாலு வரி காரணம். 'இதே மைதானத்தில் போன தடவை ஆறாவதாக வந்தார். எதிர்காற்றில் பந்தைத் தாழ்வாக அடிக்கத் தெரிந்தவர். இரண்டு வாரமாக நல்ல ஃபார்ம். புது பட்டர் கைக்குப் பழகிவிட்டது.' கல்யாணத் தரகர் மாப்பிள்ளை ஜாதகத்தை எடுத்துச் சொல்கிற அதே தொனி. குறை என்று ஒன்றுகூட இருக்காது.

குதிரைப் பந்தயத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. (கிண்டி ரேஸ் கோர்ஸின் நடுவிலேயே நெடுங்காலம் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. சுற்றி ஓடிய குதிரைகள் மேல் கொட்டிய பணத்தில் ஒரு பைசாகூட உள்ளே ஆடியவர்கள் மேல் விழுந்திருக்காது.) குதிரை என்றால் பத்து, பன்னிரண்டு ஓடும். பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃபில் 156 பேர். நாலு நாள், நாளுக்குப் பதினெட்டுக் குழி, மொத்தத்தில் குறைந்த ஸ்ட்ரோக்கில் முடித்தவருக்குக் கோப்பை. இரண்டாம் நாள் முடிவில் பாதிக்கு மேல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எழுபது பேரும், எழுபதாவது இடத்தில் சமமாக நிற்கிறவர்களும் மட்டும் பாக்கி.

இதில் எவ்வளவு பெரிய ஆளும் பெரும்பாலும் தோற்பார். ஜாக் நிக்லஸ் நான்கு பெரிய போட்டிகளில் மொத்தம் 18 தடவை ஜெயித்தவர். இதுவரை யாரும் தொடாத சாதனை. அவர் அந்தப் போட்டிகளில் ஆடியது 164 தடவை. அதாவது சரித்திரத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மேல் ஒவ்வொரு தடவையும் பணம் கட்டியிருந்தால் 146 தடவை சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பீர்கள். அதில் 19 தடவை இரண்டாவது இடம், வயிற்றெரிச்சலோடு.

மறுபக்கம், 2003ல் பென் கர்ட்டிஸ் என்ற அமெரிக்க இளைஞர் பிரிட்டிஷ் ஓபனுக்கு வந்தார். உலகத் தரவரிசையில் 396வது இடம். பெரிய போட்டி ஒன்றில் ஆடுவதே அதுதான் முதல் தடவை. கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். எந்த டிப்ஸ்காரர் சொல்லியிருப்பார்?

இந்த உலகம் எனக்குப் பரிச்சயமானது அக்கா மகன் மூலமாக. எடின்பரோவில் வேலை. 2013 ஜூலையில் அவனோடு போய்த் தங்கியிருந்தபோது பக்கத்திலேயே முயர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓபன். மழை இல்லாத கோடை, புல்லெல்லாம் காய்ந்து சாணி மெழுகிய களம் மாதிரி இறுகிப்போயிருந்தது. பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடியது. அவன் மனைவி வரவில்லை. "பொம்பளைங்களை மெம்பரா சேர்க்காத கிளப்புக்கு நான் எதுக்கு டிக்கெட் வாங்கணும்?" என்று கேட்டாள். நியாயம்தான். (2017ல்தான் ஓட்டுப் போட்டு அந்த விதியை மாற்றினார்கள்.)

பேப்பரில் வந்த டிப்ஸை நம்பி லீ வெஸ்ட்வுட் மேல் பணம் கட்டியிருந்தான். ஞாயிறு காலை வெஸ்ட்வுட் இரண்டு ஸ்ட்ரோக் முன்னணி. அக்கா மகன் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு வெஸ்ட்வுட் 75 அடித்தார். ஐந்து ஸ்ட்ரோக் பின்னால் கிளம்பிய ஃபில் மிக்கல்ஸன் 66 அடித்துக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். வெஸ்ட்வுட் வேறு இரண்டு பேரோடு சமமாக மூன்றாவது.

எனக்குப் பாவமாக இருந்தது. அவனோ சிரிக்கிறான். "மாமா, தோத்தும் லாபம்! ஈச் வே போட்டிருந்தேன்."

இந்த ஈச் வே என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கட்டுகிற பணம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி 'ஜெயிப்பார்' என்பதற்கு. மறு பாதி 'முதல் ஐந்து இடத்துக்குள் வருவார்' என்பதற்கு. கடைக்குக் கடை ஆறு, ஏழு, எட்டு இடம் என்றும் தருவார்கள். இரண்டாவது பாதிக்கு விலையில் நாலில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கு. கேட்க தர்மம் மாதிரி இருக்கும். ஆனால் கோல்ஃபில் சமமாக நிற்பவர்கள் ஏராளம். உங்கள் ஆள் நாலாவது இடத்தில் வேறு நாலு பேரோடு சமமாக நின்றால், மிச்சம் இருப்பது இரண்டு இடம், ஆட்கள் ஐந்து பேர். நீங்கள் கட்டிய நூறில் நாற்பதுதான் கட்டியதாகக் கணக்கு. இதற்கு 'டெட் ஹீட்' என்று பெயர். பேப்பர் டிப்ஸில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

சமமாக நின்ற மூன்று பேரும் ஐந்துக்குள் அடங்கிவிட்டதால் அன்று அவன் தப்பித்தான். அவனைப் பிடித்துக்கொண்டதும் அந்த மூன்றாவது இடம்தான் என்பது என் அபிப்பிராயம். சுத்தமாகத் தோற்றிருந்தால் கசந்து போயிருக்கும்.

சரி, டிப்ஸில் விஷயமே இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல டிப்ஸ்காரர்கள் 'யார் ஜெயிப்பார்' என்று யோசிப்பதில்லை. 'விலை தப்பாக இருக்கிறதா' என்று பார்ப்பார்கள். ஒன்றுக்கு 25 என்றால், ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் 25 ரூபாய் லாபம், கட்டிய ரூபாயும் திரும்ப வரும். 26 தடவையில் ஒரு தடவை அவர் ஜெயித்தால் நமக்கு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. இருபதில் ஒரு தடவை ஜெயிக்கக் கூடியவருக்குக் கடைக்காரர் 25 தருகிறார் என்றால் அது மலிவு. கத்தரிக்காய் வாங்குகிற அதே புத்திதான். 156 பேர் விலையையும் இப்படிச் சதவீதமாக மாற்றிக் கூட்டிப் பாருங்கள். நியாயமான கடையில் 100 வர வேண்டும். பந்தயக் கடையில் 130ஐச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். அதிகப்படிதான் கடைக்காரர் வீட்டு அடுப்பு எரிகிற விறகு.

விலை தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துக் கடைக்காரர்களை அழவிட்ட கதை ஒன்று உண்டு. 1991. எஸெக்ஸ் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர். டிவியில் வருகிற பெரிய போட்டிகளில் யாராவது ஒருவர் 'ஹோல்-இன்-ஒன்' அடிப்பது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்தார்கள். முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போய் விழுவது. நமக்கெல்லாம் ஏழு ஜென்மத்தில் ஒரு தடவை நடக்கலாம். சிறிய பந்தயக் கடைக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

நாமே கணக்குப் போடலாம். தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு குட்டைக் குழியில் அதைச் சாதிக்க 3000ல் ஒரு வாய்ப்பு என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. முதல் இரண்டு நாள் 156 பேர், அடுத்த இரண்டு நாள் எழுபது பேர். மொத்தம் 452 சுற்று. சுற்றுக்கு நாலு குட்டைக் குழி. ஆகவே 1808 முயற்சி. அத்தனை பேரில் யாராவது ஒருவர் போடுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 45. ஏறக்குறைய காசு சுண்டிப் போடுகிற கதை! நியாயமான விலை ஒன்றுக்கு ஒன்றேகால். இந்த இரண்டு பேரும் ஊர் ஊராகச் சின்னக் கடைகளாகப் பார்த்து ஏறி இறங்கி ஒன்றுக்கு 3 முதல் 100 வரைகூட வாங்கினார்கள். அந்த வருஷம் அவர்கள் குறி வைத்த ஐந்து போட்டியிலும் ஹோல்-இன்-ஒன் விழுந்தது. ஐந்தும் விழ வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை, ஆக அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. ஐந்து லட்சம் பவுண்டு. அவர்கள் எந்த ஆட்டக்காரர் பெயரையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அந்த மாதிரி ஓட்டைகள் அடைபட்டுவிட்டன. இன்றைய டிப்ஸ்காரர்களுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஒரு புதுத் தராசு கொடுத்திருக்கிறார். 'ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்'. எட்டு அடி தூரத்தில் பந்து கிடக்கிறது. அங்கிருந்து தொழில்முறைக்காரர்கள் பாதித் தடவை ஒரே உருட்டலில் போடுவார்கள். ஆகவே சராசரி ஒன்றரை ஸ்ட்ரோக். நீங்கள் ஒன்றில் போட்டுவிட்டால் அரை ஸ்ட்ரோக் வரவு. இரண்டானால் அரை செலவு. இப்படி லட்சக்கணக்கான அடிகளைப் பேரேட்டில் ஏற்றிப் பார்த்ததில், கோல்ஃப் உலகம் காலம் காலமாகச் சொல்லி வந்த ஒன்று அடிபட்டுப் போயிற்று. குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டுகிற பட்டிங்கில்தான் பணம் இருக்கிறது என்பார்கள். பிராடியின் கணக்கில் வித்தியாசத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூர அடிகளில் இருக்கிறது. பட்டிங் ஒரு வாரம் வரும், மறுவாரம் காணாமல் போகும். எனவே, போன வாரம் நீள நீளமாக உருட்டி ஜெயித்தவரை விட்டுவிட்டு, தூரத்திலிருந்து அற்புதமாக அடித்தும் பந்து குழியில் விழாததால் இருபதாவதாக வந்தவரைப் பிடி. நான் படித்த டிப்ஸிலேயே உருப்படியானது இதுதான். ஆனால் இதைக் கடைக்காரரும் படித்துவிட்டார்.

மாஸ்டர்ஸ் போட்டிக்கென்று தனி டிப்ஸ் உண்டு. ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் வருஷா வருஷம் ஒரே மைதானம். முதல் தடவை வருகிறவர் மேல் கட்டாதே என்பார்கள். 1979ல் ஃபஸ்ஸி ஸோலருக்குப் பிறகு 2025 வரை புது ஆள் யாரும் அங்கே ஜெயிக்கவில்லை. வாஸ்தவமான தகவல். ஆனால் சில தகவல்கள் எந்தப் பேரேட்டிலும் வராது.

2016 மாஸ்டர்ஸ். ஆங்கிலேய ஆட்டக்காரர் டேனி வில்லெட்டின் மனைவிக்குப் பிரசவத் தேதி போட்டியின் கடைசி நாள். குழந்தை பிறக்காவிட்டால் போட்டிக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பையன் பதினோரு நாள் முன்னதாக, மார்ச் 30ல் பிறந்துவிட்டான். அப்பா விமானம் ஏறினார். ஞாயிறு அன்று ஜோர்டன் ஸ்பீத் ஒன்பது குழி பாக்கி இருக்கும்போது ஐந்து ஸ்ட்ரோக் முன்னணி. கடைக்காரர்களே அவர்தான் என்று முடிவு கட்டியிருப்பார்கள். பன்னிரண்டாவது குழி, 155 கஜம், முன்னால் ஒரு சின்ன ஓடை. பந்து தண்ணீரில். இன்னொரு பந்து, அதுவும் தண்ணீரில். மூன்றில் முடிக்க வேண்டிய குழிக்கு ஏழு. வில்லெட்டுக்குக் கோப்பை. சீமந்தப் புத்திரன் பிறந்த நேரம் என்று நம் பாட்டிகள் ஒரே வரியில் விளக்கியிருப்பார்கள்.

2024 மே மாதம் இன்னும் விசேஷம். பிஜிஏ சாம்பியன்ஷிப், லூயிவில் நகரம். உலகின் முதல் நிலை ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர். வெள்ளிக்கிழமை காலை மைதானத்துக்குள் கார் நுழையும் இடத்தில் தகராறு, போலீஸ் கைது செய்து கொண்டுபோய்விட்டது. விடுதலையாகி வந்து அன்றைக்கே 66 அடித்தார்! வழக்கும் பின்னால் தள்ளுபடி. ஃபேவரிட் லாக்கப்பில் இருந்தால் விலை என்ன என்று எந்த டிப்ஸ் புத்தகத்தில் இருக்கிறது?

நடக்கிற ஆச்சரியங்களைக்கூட மன்னித்துவிடலாம். நான் அக்கா மகனிடம் மல்லுக்கட்டியது வேறு விஷயத்துக்காக. அவன் ஒரு டிப்ஸ்காரரைப் பிடித்துவைத்திருந்தான். "போன வருஷம் லாபம் காட்டியிருக்கார் மாமா, சும்மா இல்லை." நான் காகிதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் உட்காருங்கள், இரண்டு நிமிஷம்தான்.

ஒரு மேதை, ஒரு அசடு. இரண்டு பேரும் வருஷத்துக்கு நாற்பது போட்டியில் ஒன்றுக்கு 25 விலையுள்ள ஆள் ஒருவரைச் சொல்கிறார்கள். மேதை சொல்லும் ஆளுக்கு உண்மையான வாய்ப்பு இருபதில் ஒன்று. அபாரத் திறமை அது. அசடு சொல்லும் ஆளுக்கு முப்பதில் ஒன்று. வருஷத்தில் இரண்டு ஆள் ஜெயித்தால் லாபம். ஒன்றோ பூஜ்யமோ ஆனால் நஷ்டம். மேதை லாபத்தில் முடிக்க வாய்ப்பு நூற்றுக்கு 60. அசடுக்கு 39. ஒருவர்கூட ஜெயிக்காமல் மேதை வருஷம் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதற்கு 13. இப்போது சொல்லுங்கள், போன வருஷம் லாபம் காட்டியவர் மேதையா, அசடா? அவருக்கே தெரியாது. பத்து வருஷம் கணக்கு வைத்தாலும் சந்தேகம் முழுசாகத் தீராது. சமையல்காரர் மோசம் என்று ஒரு பந்தியில் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் தெரிவதற்குள் ரிட்டயர் ஆகிவிடலாம். அதனால்தான் ஏமாற்றுகிற உத்தேசம் இல்லாத, நேர்மையான அசடுகள் இதில் நிறைய.

"அப்ப நான் எத்தனை வருஷம் பாக்கணும்?" என்றான். அந்தக் கணக்கு அவனுக்குப் புரிந்தது. எஞ்சினியர்தானே. புரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

கடைக்கு நடந்து போய்ச் சீட்டு வாங்கிய வரைக்கும் பரவாயில்லை. கடை ராத்திரி மூடும். பிறகு கடை போனுக்குள் வந்தது. நாலு நாள் போட்டியில் ஒரு பந்தயம் என்பது போய், அடுத்த குழியில் மூன்று பேரில் யாருக்குக் குறைச்சல், இந்தப் பந்து உள்ளே போகுமா போகாதா என்று நிமிஷத்துக்கு ஒன்று. இதற்கெல்லாம் டிப்ஸ் கிடையாது, படித்து யோசிக்க அவகாசமும் கிடையாது. 2020 ஜூன் மாதம் உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, பார்வையாளர் இல்லாமல் முதலில் திரும்ப ஆரம்பித்த விளையாட்டுகளில் அமெரிக்க கோல்ஃபும் ஒன்று. எடின்பரோவில் அது சாயங்காலத்திலிருந்து நடு ராத்திரி வரை. அவன் மனைவி என் அக்காவுக்குப் போன் செய்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு முன்பணம் கட்ட இரண்டு பேரும் சேர்ந்து சேர்த்த தொகையில் பாதிக்கு மேல் இல்லை. "அத்தனையும் அஞ்சு, பத்து பவுண்டா போயிருக்கு மாமா, பெரிய தொகையா ஒண்ணுகூட இல்ல" என்று ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு அழுதாள்.

விளையாட்டு தெரிந்தவர்களுக்கு இது வராது என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு முயர்ஃபீல்டில் எங்கள் கண்ணெதிரே கோப்பையைத் தூக்கிய அதே மிக்கல்ஸன், தன் பந்தயப் பழக்கம் அளவு மீறி அடிமைத்தனமாகிவிட்டதாக 2023ல் தானே வெளிப்படையாக எழுதினார். அதில் பக்கத்திலிருந்தவர்களைக் காயப்படுத்தினேன் என்றும்.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காம்ஸ்டாப் என்ற பதிவேடு. பேரைக் கொடுத்துவிட்டால், அங்கே உரிமம் பெற்ற எந்த ஆன்லைன் கடையும் உங்களை உள்ளே விடக் கூடாது. 2020 மார்ச் 31 முதல் அத்தனை ஆன்லைன் கடைகளும் கட்டாயம் அதில் சேர வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆறு மாசம், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று தேர்ந்தெடுக்கலாம். நடுவில் மனசு மாறினாலும் எடுக்க முடியாது. 2020 ஜூலையில் அக்கா மகன் ஐந்து வருஷத்தை அமுக்கினான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

2025 ஜூலையில் கெடு முடிந்தது. முடிந்தாலும் தானாகக் கதவு திறக்காது. நீங்களாகத் தொடர்புகொண்டு பேரை எடுக்கச் சொன்னால்தான் எடுப்பார்கள், அதற்கும் ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். அவன் இன்னும் சொல்லவில்லையாம். செவ்வாய்க்கிழமை பேப்பரில் டிப்ஸ் பக்கம் மட்டும் படிக்கிறான் என்று அவன் மனைவி சொன்னாள்.